ஊதா வெளிச்சத்தில் பேச்சி

அத்தியாயம் மூன்று

"கதவை உடைச்சிரலாம் மேடம்," என்றான் அய்யாத்துரை.

"கதவை உடைக்க நமக்கு லைசென்ஸ் இல்ல துரை."

"துப்பறிய மட்டும் இருக்கா?"

கலைமதி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் 'கலைமதி துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டி நடத்துகிறவள் அவள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பு. மீதி, விசாரிக்காமல் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைகள். அவளுடைய ஒரே உதவியாளன் அய்யாத்துரை நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஒரகடத்துக் கார் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்த அன்று, ஜெராக்ஸ் எடுக்க வந்து, பயோடேட்டாவைத் தவறுதலாக மாடியில் கொடுத்துவிட்டான். அவள் அதைத் திருப்பித் தரவேயில்லை.

இப்போது இருவரும் சேரப்பணஞ்சேரியில், கங்கம்மாளின் மாடி வராந்தாவில் நின்றார்கள். வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு இவ்வளவு பேர் குடியிருக்கிற கட்டடத்தில் ஒரு தும்மல் சத்தம்கூட இல்லை. அய்யாத்துரை குடியிருக்கிற கட்டடமும் இப்படித்தான். சில நாள் அவனே தும்மிப் பார்ப்பதுண்டு.

கடைசி அறையின் ஜன்னல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பிரித்து, வெள்ளிப் பக்கம் உள்ளே பார்க்க ஒட்டி, முழுசாக அடைத்திருந்தது. ஓரத்தில் விரல் அகல இடுக்கு. அதிலிருந்து ஊதா வெளிச்சம் கசிந்தது.

"பகலெல்லாம் எரியுது," என்றாள் வீட்டுக்காரி கங்கம்மாள். "சினிமாவுல கெட்டவன் வூட்ல எரியுமே, அந்தக் கலரு. அருள்பாண்டின்னு ஒரு பையன். ஹெட்லைட் பண்ற கம்பெனில வேலை. வணக்கம்கூட சொல்ல மாட்டான், தலைய மட்டும் ஆட்டுவான். நல்ல பையன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"தலையாட்டுறவனை நம்பலாமாக்கா? சுவத்துல மாட்டின ஃபேன்கூடத்தான் ஆட்டுது," என்றான் அய்யாத்துரை.

"துரை." கலைமதி ஒரு வார்த்தையில் அவன் வாயை மூடிவிட்டுக் கேட்டாள். "உள்ள பொண்ணு இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கேட்டேன்."

"கதவுல காதை வச்சா?"

"நான் எங்க வச்சேன்? வராந்தாவப் பெருக்கிகினே வந்தேன், காது தானா போயி ஒட்டிகிச்சி." கங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "'தண்ணி குடிச்சியா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ'ன்றான். பேர் சொல்லிக் கூப்புட்றான். பிச்சியோ பேச்சியோ, வாயில நொழையல."

"பேச்சி!" அய்யாத்துரையின் முதுகு நிமிர்ந்தது. இந்த ஊருக்கு வந்த இத்தனை காலத்தில் அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் முதன்முறையாகத் தேவைப்பட்டிருக்கிறது. "பேச்சியம்மாள். எங்க பக்கத்துப் பேரு மேடம். கோயில் கொடைத் திருவிழாவுல நின்னு 'ஏ பேச்சி'ன்னா கூட்டத்துல பாதி திரும்பும்."

"இன்னொண்ணு கேளு," என்றாள் கங்கம்மாள். "அவன் கம்பெனி பஸ் லேட்டான நாள்லகூட நேரத்துக்கு உள்ள ஒரு ஆம்பளக் கொரல் பேசுது. அவன் இன்னும் வந்தே சேரல, கதவுல பூட்டு தொங்குது, உள்ள பேச்சு!"

பூட்டு அருள்பாண்டி வாங்கி மாட்டியது. மாற்றுச் சாவி கிடையாது. போலீஸுக்குப் போனால் வீட்டுப் பேர் கெடும். ஆகவே கங்கம்மாளின் தம்பி எல்லப்பன் பொறுப்பேற்றிருந்தான். சாயங்காலம் பஸ் வந்ததும் நாலு ஆட்களோடு வந்து பையனை அடித்து நொறுக்கி, பெட்டியைத் தெருவில் எறிந்து, அப்படியே கம்பெனிக்கும் ஒரு போன் போடுவதாகத் திட்டம்.

"தப்பா இருந்தா பாவம் ஆச்சே. அதான் ஒரு பொம்பள பாத்துச் சொல்லட்டும்னு உன்னக் கூப்ட்டேன்," என்றாள் கங்கம்மாள். "பஸ் வர்றதுக்குள்ள சொல்லு. அப்பால எந்தம்பி நான் சொன்னாகூட கேக்க மாட்டான்."

கான்ட்ராக்ட் பையனின் வேலை போக ஒரு போன் போதும் என்பது அய்யாத்துரைக்குத் தெரியும். அவன் வேலை போனதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு பெண் அடைபட்டிருந்தால் அந்தப் பையன் வாங்கப்போவது குறைவுதான் என்று பட்டது.

கலைமதி கதவைத் தட்டினாள். "பேச்சி... பயப்படாதம்மா. இருந்தா ஒரு சத்தம் குடு."

பதில் இல்லை. உற்றுக் கேட்டால் மட்டும் மெல்லிய 'உஸ்ஸ்ஸ்' சத்தம், விடாமல்.

"மூச்சு," என்றான் அய்யாத்துரை.

"இவ்ளோ நேரம் ஒரே மூச்சா விடுறாளா?" கலைமதி குனிந்து வாசலைப் பார்த்தாள். ஒரே ஒரு ஜோடி செருப்பு, ஆண் செருப்பு. கொடியில் ஆண் துணி மட்டும். குப்பைக் கூடையில் சிவப்பும் கறுப்புமாக வயர் உரித்த தோல், ஈயத் துணுக்குகள், பிதுக்கித் தீர்த்த ஒரு வெள்ளைப் பசை டியூப். அதில் ஒரு கடை ஸ்டிக்கர்: கோதண்டம் எலக்ட்ரிகல்ஸ், படப்பை.

"டீ போட்டுக் குடிப்பானா இவன்? குப்பையில டீத்தூளே காணோமே."

"அத ஏன் கேக்குற. எங்கூட்டு டீத்தூள் சக்கையயும் இல்ல கேட்டு வாங்கினு போறான்," என்றாள் கங்கம்மாள். "முட்டை ஓடுகூட."

அய்யாத்துரை உச்சுக்கொட்டினான். "பாவம் மேடம். அவளுக்குச் சக்கை டீதான் போல."

"முட்டை ஓடு?"

"அதை யோசிச்சாத்தான் அழுகையே வருது."

கலைமதி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு டியூபை எடுத்துக்கொண்டாள். "கெளம்பு. கடைக்காரர் என்ன சொல்றார்னு பாப்போம்."

*

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது கழுத்திலும் அடையாள அட்டை, காதுகளில் வயர். முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் பெயர் தெரிய வேண்டுமானால் அட்டையைப் படித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் மாட்டியிருக்கிறார்களோ என்னவோ.

அய்யாத்துரை ஒத்திகையில் இருந்தான். கதவு திறந்ததும் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? 'ஏ பிள்ள, பயப்படாத, நானும் அந்தப் பக்கந்தான்.' வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரவல் சட்டை மாதிரி எங்கேயோ பிடித்தது. மறுபடி சொன்னான். இந்த முறை 'பயப்படாத' என்பது 'பயந்துக்காத' என்று வந்து தொலைத்தது.

கோதண்டம் டியூபைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "அந்தப் பையனா? தோ, இந்த ஸ்டூல்லதான் வந்து குந்துவான். மொதல்ல வந்து செவப்பு எல்.இ.டி. எட்டு, ப்ளூ ரெண்டு கேட்டான். பெருசு, மூணு வாட்டு. மெட்ராஸ்ல இருந்து வரவச்சிக் குடுத்தேன். அப்பால டிரைவர் வேணும்னான்."

"டிரைவரா?" அய்யாத்துரை கல்லாவின் மேல் சாய்ந்தான். "எந்த ஊருக்குக் கடத்துறதுக்கு?"

"யோவ், டிரைவர்னா இது." கோதண்டம் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா ஒன்றை எடுத்துப் போட்டார். "லைட்டுக்குக் கரண்ட்ட அளந்து விடும். எல்லா லைட்டையும் ஒண்ணுபின்னாடி ஒண்ணா சீரியல்ல கோத்து, ரெண்டு நுனியையும் இதுல குடுக்கணும். கோத்தான். பத்தவச்சான். அடுத்த வாரம் மூஞ்ச தொங்கப்போட்டுகினு வந்தான். சூடு தாங்காம மூணு கருகிப்போச்சி. நடுவுல ஒண்ணு போனா மொத்த வரிசையும் இருட்டுதானே? நான்தான் சொன்னேன், அலுமினியப் பட்டைல இந்தப் பசைய தடவி ஒவ்வொண்ணா உக்கார வையி, சூட்ட பட்டை இஸ்துக்கும், பின்னாடி கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு ஓடட்டும்னு."

"உஸ்ஸ்ஸ். ஒன் மூச்சு," என்றாள் கலைமதி, அய்யாத்துரையைப் பார்த்து.

"எதுக்குன்னு சொன்னானா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "'அவ வெயில் பாத்து ரொம்ப நாளாச்சு, வெளுத்துப்போயிட்டா'ன்னான்."

அய்யாத்துரை கல்லாவிலிருந்து நிமிர்ந்தான்.

"அவ யாருன்னு நீங்க கேக்கலையா?" என்றான் அய்யாத்துரை.

"கடைல கூட்டம்பா." அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "கேட்ருக்கலாம். அவனும் கேப்பாங்களானு கொஞ்ச நேரம் குந்திகினுதான் இருந்தான். கடைசியா கொக்கி வச்ச சங்கிலி வாங்கினு போனான். 'தலைக்கு மேல ஒரு சாண்ல தொங்கணும், ஏத்தி எறக்குற மாதிரி'ன்னான்."

வெளியே வந்ததும் அய்யாத்துரை வெடித்தான். "கேட்டீங்களா மேடம்? வெயில்கூட காட்டாம, வெளுக்க வச்சு, தலைக்கு மேல லைட்ட தொங்கவிட்டு... ஏத்தி எறக்கி... இவன உதைக்க எல்லப்பன் எதுக்கு? நானே போதும்!"

"ஒரு சாண் துரை. ஒன் தலைக்கு மேல ஒரு சாண்ல, கண்ணு கூசுற லைட்டத் தொங்கவிட்டா நீ சும்மா உக்காந்திருப்பியா?"

"மாட்டேன்."

"எந்திரிச்சி நடப்பல்ல? நடந்தா எடத்துக்குத் தகுந்த மாதிரி லைட்டு எப்பிடிக் கூடவே வரும்?"

"கட்டிப்போட்டிருக்கான்."

"நல்லா யோசிக்கிற." அவள் பூக்காரியிடம் ஒரு முழம் ஜாதிமல்லி வாங்கிக் கொண்டையில் சொருகிக்கொண்டாள். வழக்கு நடுவில் அவள் பூ வாங்கி அய்யாத்துரை பார்த்ததில்லை.

*

திரும்பி வந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. கங்கம்மாளின் கட்டடத்துக்கு மேற்கே புதிதாக எழும்பியிருந்த குடோன் சுவர் அந்த வெயிலை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டது. கடைசி அறையின் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம்.

"இந்தச் சுவர் எப்பக்கா வந்துச்சி?" என்றாள் கலைமதி.

"ரெண்டு மூணு மாசம் இருக்கும். ஏன்?"

"சும்மாதான். அந்த ஆம்பளக் குரல் நேத்து என்ன சொல்லுச்சி?"

"'வந்துட்டேன், வந்துட்டேன். இன்னைக்கு ஓ.டி. இல்ல. நீ எப்பிடி இருக்க'ன்னுச்சி."

"முந்தாநாள்?"

"அதேதான்."

"ஞாயித்துக்கிழமை?"

கங்கம்மாள் யோசித்தாள். "அன்னிக்கி அவன் லீவு. கீழ துணி தொவச்சிகினு இருந்தான், எங்கண்ணு முன்னால. மேல அதே கொரலு, 'இன்னைக்கு ஓ.டி. இல்ல'ன்னுது. இவன் சோப்பக் கீழ போட்டுட்டு ஓடுனான்."

"தெனம் அதே வார்த்தை. கல்யாணமாகிப் பத்து வருசமான ஆளு பேச்சு மாதிரி இருக்கு," என்றான் அய்யாத்துரை.

"கம்பெனிக்கே லீவு விட்ட நாள்ல ஓவர்டைம் இல்லன்னு எவனாவது சொல்லுவானா?" என்றாள் கலைமதி.

அவன் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது. அதன் பின்னாலேயே இரண்டு பைக். எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே இறங்கினான்.

அருள்பாண்டி ஒல்லியாக, யூனிஃபார்மைவிட ஒரு சைஸ் சின்னவனாக இருந்தான். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறினான். பின்னால் இத்தனை பேர் ஏறுவதைத் தாமதமாகத்தான் கவனித்தான். தன்னைத் தேடி இவ்வளவு பேர் வருவார்கள் என்று அவன் எதிர்பார்த்திருக்க முடியாது. வழிவிட்டு ஒதுங்கிக்கூட நின்றான்.

எல்லப்பன் அவன் காலரைப் பிடித்தான். "உள்ள எவள்ரா வச்சிகினு கீற?"

"அண்ணே... யாரும் இல்லண்ணே..."

"பொய் சொன்ன, செவுளு பேந்துடும்." கை ஓங்கியது.

கலைமதி நடுவில் புகுந்து நின்றாள். "ஒரு நிமிஷம். அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. இப்ப யாரும் பேசாதீங்க."

"எதுக்கு?"

"தெனம் பேசற ஆள் இன்னைக்கும் பேசட்டும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நின்றார்கள். அருள்பாண்டியின் முகம் மட்டும் வெளிறியது. "அக்கா, நான் போயி அத நிறுத்திருதேன், சாவி இங்கதான்..."

பூட்டிய கதவுக்கு உள்ளே ஒரு குரல் தொண்டையைச் செருமியது.

"வந்துட்டேன், வந்துட்டேன். இன்னைக்கு ஓ.டி. இல்ல. நீ எப்பிடி இருக்க? நான் நல்லா இருக்கேன்."

அருள்பாண்டியின் குரல்தான், அச்சு அசல். அருள்பாண்டியோ வாயை இறுக மூடிக்கொண்டு வெளியே, எல்லப்பனின் பிடியில் நின்றான்.

எல்லப்பன் காலரை விட்டான். சூடு பட்டதுபோல் கையை உதறினான். அவன் கூட்டி வந்த நால்வரில் இருவர் அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தார்கள். கங்கம்மாள், "அங்காளம்மா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கதவத் தொற தம்பி," என்றாள் கலைமதி.

கதவு திறந்தது. அறை முழுக்க ஊதா. சுவர்களில் வெள்ளிக் காகிதம். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். நடுவில், பெயின்ட் வாளி ஒன்றில், அய்யாத்துரையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு கொடி குச்சியைப் பற்றிக்கொண்டு நின்றது. அதன் உச்சிக்கு ஒரு சாண் மேலே அலுமினியப் பட்டை, சங்கிலியில். எட்டு சிவப்பு, இரண்டு நீலம். முதுகில் குட்டி ஃபேன். செடியின் அடியில் டீத்தூளும் முட்டை ஓடும். பக்கத்து ஆணியில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று தொங்கி, பேசி முடித்துவிட்டுத் திரையை அணைத்துக்கொண்டது.

"இன்னாடா இது?" என்றாள் கங்கம்மாள்.

"பிச்சிக்கா."

"ஜாதிமல்லிடா இது!"

"எங்க ஊர்ல பிச்சிம்போம்க்கா."

எல்லாத் தலையும் மெதுவாக அய்யாத்துரை பக்கம் திரும்பியது.

அவன் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிச்சி. ஊரில் எந்த வீட்டுப் பெண்ணும் சாயங்காலம் சொல்லும் சொல். நாலு வருடமாக யாரும் அவனிடம் சொல்லாததால் காதுக்கு அது இல்லாமலே போயிருந்தது. கங்கம்மாள் முதலில் சரியாகத்தான் சொன்னாள். இவன்தான் அதைத் திருத்தி, அந்தப் பையனை அடிவாங்கத் தயார் செய்து வைத்திருந்தான்.

"செடின்னு எனக்குக் கடையிலேயே தெரிஞ்சிபோச்சி," என்றாள் கலைமதி. "வெயிலு, முட்டை ஓடு, நகராத தலை. குரல் அலாரம்னு ஓ.டி. சொல்லிடுச்சி. பேர் மட்டுந்தான் இடிச்சிகிட்டே இருந்தது. அதுக்குன்னு ஒருத்தன சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்."

அய்யாத்துரை குனிந்து ஓர் இலையின் தூசியைத் துடைத்தான்.

கங்கம்மாள் வாளியைச் சுற்றி வந்தாள். "எங்கடா புடிச்ச இத?"

"கம்பெனியில சுற்றுச்சூழல் தினத்துக்கு ஆளுக்கொரு செடி குடுத்தாவ. கையில வச்சு போட்டோ எடுத்தாவ. பெறவு எல்லாரும் பஸ்ஸுலயே போட்டுட்டு எறங்கிட்டாவ. இது மட்டும் உசுரோட கெடந்துச்சு. ஜன்னல்ல வெயில் வந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தா. சொவரு வந்துட்டு. வீடியோ பாத்து லைட்ட நானே கட்டுனேன்."

"செடிக்கு எதுக்கு அலாரம்?" என்று கேட்டான் எல்லப்பன். அவனுக்கு ஏதாவது ஒன்றையாவது விசாரித்தே ஆகவேண்டியிருந்தது.

அருள்பாண்டி தரையைப் பார்த்தான். "செடிக்கு இல்லண்ணே. கதவத் தொறக்கும்போது உள்ள ஒரு சத்தம் கேக்கணும்லா."

எல்லப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டான். பையனின் காலரை ஒருமுறை நீவி நேராக்கினான். அவனிடம் இருந்த மன்னிப்பு அவ்வளவுதான். பிறகு ஆட்களை அழைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

"இருந்துக்கோ," என்றாள் கங்கம்மாள். "லைட்டும் எரியட்டும். பூத்தா எனக்குத் தரணும். ஆனா அந்தக் கொரல மட்டும் நிறுத்திடு சாமி. பயமா கீது."

அருள்பாண்டி தலையை ஆட்டினான். ஆணியிலிருந்து போனை எடுத்து, அவள் பார்க்கவே அலாரத்தை அழித்தான். திருப்தியாகி அவளும் இறங்கினாள். பின்னாலேயே கலைமதி. வாசலில் அவள் நின்று, "துரை, ரிப்போர்ட் நாளைக்கி எழுதலாம். மெதுவா வா," என்றாள்.

அறையில் ஃபேனின் உஸ்ஸ்ஸ் மட்டும் மிஞ்சியது.

"அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று கேட்டான் அருள்பாண்டி.

அய்யாத்துரை இங்கே யார் கேட்டாலும் 'தாம்பரம் பக்கம்' என்பான். "நாங்குநேரி," என்றான்.

"நாங்குநேரிக்காரருக்கா பிச்சி தெரியாமப் போச்சு?"

"கொன்னுருவேம்ல." சொன்ன பிறகுதான் அதைத் தன் காதால் கேட்டான். எங்கேயும் பிடிக்காமல் வந்திருந்தது.

அருள்பாண்டி முதல்முறையாகச் சிரித்தான். அப்புறம் கையிலிருந்த போனைப் பார்த்தான். "நாளைக்கி வரும்போது ஒண்ணும் கேக்காது."

"அதுல சிம் இருக்கா?"

"இருக்கு. கூப்புட ஆளு இல்ல."

"நம்பரச் சொல்லு. பஸ்ஸு எறங்குத நேரத்துக்கு அடிக்கேன். மணி அடிச்சா ஓனரம்மா பயப்படாதுல்லா."

அருள்பாண்டி ஒன்பது, எட்டு என்று ஆரம்பித்து நின்றான். அவனுக்கே நம்பர் தெரியவில்லை. வாங்கின நாள் முதல் ஒருவரும் கேட்டதில்லை.

"சரி, என் நம்பருக்கு நீ அடி," என்று அய்யாத்துரை பத்து எண்களையும் சொன்னான். அருள்பாண்டி விரிசல் கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினான். அய்யாத்துரையின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அதைக் கட் செய்திருந்தாலே போதும். அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"அலோ," என்றான், எதிரே இரண்டடி தூரத்தில் நிற்பவனிடம்.

"அலோ," என்றான் அருள்பாண்டி. "யாரு பேசுதது?"